துணை விமானிக்கு வாய் வேண்டுமாம்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்பளவில் நலம். அங்கே நீங்களும் வீட்டிலுள்ள எல்லோரும் எல்லா அளவிலும் நலமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

விமானம் ஓட்டப் படித்து, லைசென்சும் வாங்கிவிட்டு, பாப்பா இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறாளே, குறைந்த கட்டணத்தில் டிக்கெட் விற்கிற அந்த விமான கம்பெனியிலாவது வேலை கிடைக்குமா, கிடைக்காதென்றால் என் ஆபீசில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது, எந்தத் திங்கட்கிழமை வேண்டுமானாலும் வந்து உட்காரச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்குப் பெரிய மனசு. ஆனால் பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருடம் டிரைவர்களுக்கு டியூட்டி போட்டவன் நான். நேரில் போய்ப் பார்க்காமல் எதற்கும் பதில் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் போன மாதம் அந்தக் கம்பெனியில் ஆள் எடுத்த அன்று பாப்பாவோடு நானும் கிளம்பிவிட்டேன். "நீங்க எதுக்குப்பா?" என்று ஒரு வார்த்தை அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நாற்பது இடத்துக்கு எழுநூறு பிள்ளைகள் வந்திருந்தார்கள் மச்சான். எல்லோரும் வெள்ளைச் சட்டை, கறுப்பு டை, கையில் கனமான பைல். பெற்றவர்களை உள்ளே விடவில்லை. எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த துணை விமானி ஒருவரைப் பிடித்துக்கொண்டேன். நல்ல பையன், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். கம்பெனி புதிதாக அறுபது விமானம் வாங்கப்போகிறதாம், ஒரு விமானத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேராவது வேண்டுமாம். உட்காருகிற இடம் இரண்டுதானே, மிச்சப் பேர் எங்கே உட்காருவார்கள் என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "அங்கிள், பிளேன் தூங்காது, நாங்கதான் தூங்கணும்" என்றான். தரையில் இறங்கினால் இருபத்தைந்தே நிமிஷம், அதற்குள் ஆளை இறக்கி, ஆளை ஏற்றி, கூட்டிப் பெருக்கி மறுபடியும் கிளம்ப வேண்டுமாம், ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்க வேண்டுமாம். அட, இது நம்ம டவுன் பஸ்தானே! எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். லீவு கேட்டு அழுவார்களா, டியூட்டி மாற்றிக்கொள்வார்களா, பயணிகளுக்குத் தண்ணீரை விற்கிறீர்களே, உங்களுக்காவது சும்மா தருவார்களா என்றெல்லாம் கேட்டேன். அவன் டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

மாலையில் பாப்பா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். எழுத்துத் தேர்வில் முதல் பத்துக்குள் வந்திருக்கிறாள், கம்ப்யூட்டர் தேர்விலும் பிரமாதம். கடைசியில் விமானத்தின் முன்பக்கம் மாதிரியே செய்து வைத்திருக்கிற ஒரு பெட்டிக்குள் உட்கார வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் கேப்டனாக ஒரு அதிகாரி. கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஐயாயிரம் அடி ஏறச் சொல்லியிருக்கிறார்கள், அந்த மனுஷன் வேண்டுமென்றே உயரம் வைக்கிற குமிழை ஆறாயிரம் என்று திருகி வைத்திருக்கிறார். இவள் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறாள்! வெளியே வந்ததும் அதிகாரி கூப்பிட்டு, "உன் கண்ணு அங்க போனதை நான் பார்த்தேம்மா. வாயைத் தொறக்கல. மேல போற ரெண்டு பேர்ல ஒருத்தர் தப்புப் பண்ணா, இன்னொருத்தர் சொல்லியே ஆகணும். அடுத்த மாசம் இன்னொரு தடவை வா. அதுலயும் வாய் தொறக்கலைன்னா இங்க வேலை கிடையாது" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன். "பெரியவராச்சேப்பா, ஏதாவது காரணம் இருக்கும்னு நெனச்சேன்" என்றாள். இந்தப் பழக்கம் இவளுக்கு எங்கிருந்துதான் வந்தது என்று எனக்கு ஒரே ஆச்சரியம். வீட்டுக்கு வந்து உங்கள் தங்கையிடமும் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்லீங்க" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சரி, பயிற்சி கொடுத்தால் வராதது என்ன இருக்கிறது என்று களத்தில் இறங்கினேன். தினமும் ஒரு தப்பு செய்வது, பாப்பா கண்டுபிடித்துச் சொல்வது, இதுதான் திட்டம். முன்கூட்டிச் சொன்னால் உஷாராகிவிடுவாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. முதல் நாள் சட்டைப் பொத்தானை ஏறுமாறாகப் போட்டுக்கொண்டு அவள் எதிரில் நாலு தடவை நடந்தேன். பேசாமல் இருந்தாள். அப்படியே தபால் ஆபீஸ் வரைக்கும் போனேன். அங்கே கவுண்டரில் இருந்த அம்மாதான், "சார், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டது. மறுநாள் சுவர்க் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தேன். பாப்பா கடிகாரத்தைப் பார்த்தாள், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், அப்புறம் என்ன செய்தாள் தெரியுமா? கைக்கடிகாரத்தைத் திருகி ஒரு மணி நேரம் முன்னால் வைத்துக்கொண்டாள். எனக்குத் தலை சுற்றிவிட்டது.

மூன்றாம் நாள் பல் டாக்டரிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனபோது எதிர்த்திசை பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் வாங்கினாள், ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள், வாயைத் திறக்கவில்லை. ஊரைத் தாண்டி, செங்கல் சூளை தாண்டி, பஸ் கடைசி நிறுத்தத்துக்கே வந்துவிட்டது. என்னிடம் டியூட்டி வாங்கிய பழைய டிரைவர்தான் அன்றைக்கு ஓட்டினார். அவர் திரும்பிப் பார்த்து, "சார், நீங்களே பஸ் மாறி ஏறிட்டீங்களா!" என்று சிரித்தபோது என் மானம் கப்பலேறியது. "தப்பான பஸ்னு உனக்குத் தெரியலையாம்மா?" என்றேன். "ஏறும்போதே தெரிஞ்சுதுப்பா. இங்க உங்களுக்கு ஏதோ வேலை இருக்கும்னு நெனச்சேன்" என்றாள். பல்வலியோடு சொன்னாள் மச்சான்.

வேறு வழியில்லாமல் அன்றைக்கு வீட்டில் உட்கார வைத்து விஷயத்தை உடைத்துச் சொன்னேன். நான் செய்கிற தப்பை இனிமேல் தைரியமாகச் சொல்ல வேண்டும் என்றேன். பாப்பா "சரிப்பா" என்றாள். வினை என்னவென்றால் அதை உங்கள் தங்கையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் ஆரம்பித்தவள்தான், இன்னும் நிறுத்தவில்லை. துண்டை நாற்காலியில் போட்டால் தப்பு, செய்தித்தாளை மடிக்கிற விதம் தப்பு, குழாயை மூடுகிற விதம் தப்பு, பத்து வருடத்துக்கு முன் நான் வாங்கிய அலமாரி தப்பு. "அம்மாடி, பயிற்சி பாப்பாவுக்குத்தான், உனக்கில்லை" என்று கும்பிட்டேன். "அவ எப்ப வாயைத் தொறக்கறது? அதுவரைக்கும் நான் தொறந்து வெக்கிறேன்" என்கிறாள். பாப்பா மட்டும் வாயே திறக்கவில்லை.

நானும் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன். பெரியவர்களை எதிர்த்துப் பேசினால்தான் வேலை என்று சொல்கிற கம்பெனி நமக்குச் சரிப்பட்டு வராது. பிள்ளை இன்னொரு தடவை தோற்று வருவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நேற்று அவளிடமே கேட்டேன். "மாமா ஆபீசுக்குப் போறியாம்மா?" என்றேன். "சரிப்பா" என்றாள். ஆக அவளுக்கும் பூரண சம்மதம். வியாழக்கிழமைத் தேர்வுக்கு வரவில்லை என்று கம்பெனிக்கும் ஒரு கடிதம் எழுதி, இதோடு சேர்த்துத் தபாலில் போடக் கொடுத்திருக்கிறேன். வரும் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் உங்கள் ஆபீசில் இருப்பாள். அதிர்ந்து பேசாத பெண், உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு என் ஆசி. உங்கள் முதுகுவலி சீக்கிரம் குணமாகட்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நன்மையை நாடும்,
தங்கை கணவன்

பின்குறிப்பு: மாமா, இது பாப்பா எழுதுவது. தபாலில் போடச் சொல்லி அப்பா கொடுத்த இரண்டு கவரும் ஒட்டாமல் இருந்தன. படித்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை நான் வரவில்லை. நான் சம்மதிக்கவும் இல்லை, "சரிப்பா" என்றேன், அவ்வளவுதான். நாலு வருடம் படித்ததை இப்படி ஒரு வார்த்தையில் தொலைக்கப் பார்த்தேனே என்று என் மேலேயே கோபம் வந்தது. இரண்டு கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போய் அப்பா முன்னால் நின்றேன். "நீங்க செய்யறது தப்புப்பா. வியாழக்கிழமை நான் போறேன்" என்றேன். அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது பயிற்சியா, நெஜமா?" என்று கேட்டார். "நெஜம்பா" என்றேன். அப்புறம் கம்பெனிக்கு எழுதியதை வாங்கித் தானே கிழித்துப் போட்டுவிட்டு, "இன்னொரு தடவை சொல்லு, குரல் நடுங்காம" என்றார். சொன்னேன். அம்மா அடுப்படியிலிருந்து "இன்னும் சத்தமா!" என்றாள். வியாழக்கிழமை என்னோடு அப்பா வர வேண்டாம் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது மாமா. அதை நாளைக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஒரே நாளில் இரண்டு தாங்க மாட்டார்.