லிப்ட் மெக்கானிக்கும் சுத்தாத தட்டும்

அடுப்படி விஷயத்தில் லிப்ட் மெக்கானிக்குக்கு ஒரு கொள்கை உண்டு. வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது என்று அடித்துச் சொல்லிவிட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அதில் அவர் மலையாக நின்றார். லாபம் கொஞ்சநஞ்சமல்ல. மனைவி தன் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று வாயெடுத்தால் போதும், அவர் முகம் தொங்கிவிடும்.

"போயிட்டு வா. நான் பட்டினி கிடந்துக்கறேன்."

"மைக்ரோவேவ்ல சூடு பண்ணிக்கக்கூடவா தெரியாது?"

"அது அடுப்படியில இல்ல இருக்கு? எனக்கு எப்படித் தெரியும்?"

பயணம் ரத்து. வருஷக்கணக்காக இதே கதைதான். இப்போது அக்காவுக்குப் பேத்தி பிறந்திருந்தது. குழந்தையை ஒரு தடவை மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டும் என்று மனைவி தவியாய்த் தவித்தாள். அவருக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவம் பார்த்தால் சாப்பாடு யார் போடுவது?

ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, இந்த மைக்ரோவேவ் மெஷின் ரிப்பேர். தட்டு சுத்த மாட்டேங்குது. கடை ஆளைக் கூப்பிடட்டுமா?"

மெஷின் என்று கேட்டதும் பேப்பர் கையிலிருந்து நழுவியது. எந்த மெஷின் வீட்டுக்குள் வந்தாலும் அக்குவேறு ஆணிவேறாக ஆராயாமல் அவருக்குத் தூக்கம் வராது. ஊரிலுள்ள லிப்டுகளையெல்லாம் ஓடவைக்கிறவர் வீட்டுக்குக் கடை ஆளா?

"தள்ளு!"

எதிர்வீட்டு டீச்சர் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். வேடிக்கை பார்க்க ஆள் இருந்தால் மெக்கானிக்குக்குக் கை இன்னும் வேகமாக ஓடும்.

"தட்டுக்கு அடியில சக்கர வளையம் இருக்கு பாரு, அது தடம் மாறிக் கிடக்கு. இதுக்கு ஒரு ரிப்பேரா?" ஒட்டிக்கிடந்த பருக்கையைச் சுரண்டி வளையத்தைச் சரியாக உட்கார வைத்தார். தட்டு ஜம்மென்று சுற்றியது.

"அடேங்கப்பா!" என்றார் டீச்சர்.

"இந்தக் கப்பை வச்சா பொறி பறக்குதுங்க" என்றாள் மனைவி.

"தங்க விளிம்பு போட்ட கப்பு! பறக்காம என்ன செய்யும்? உலோகம் உள்ளே போகவே கூடாது."

விருந்தாளிக்குக்கூட வெளியே வராத கப் அது. இங்கே எப்படி வந்தது என்று ஒரு நிமிஷம் உறுத்தியது. அதற்குள் டீச்சர் குறுக்கே விழுந்தார்.

"உள்ளே ஒரே வாடை அண்ணா. எங்க வீட்டுலயும் அப்படித்தான்."

"கிண்ணத்துல தண்ணி ஊத்தி எலுமிச்சம்பழத்தை வெட்டிப் போட்டுச் சூடு பண்ணுங்க. கதவைத் திறக்காம கொஞ்ச நேரம் விட்டுட்டுத் துடைங்க. வாடையும் போயிடும், அழுக்கும் போயிடும்."

சொன்னதோடு விடாமல் செய்தும் காட்டினார். உள்ளே பளபளவென்று ஆனது.

"சாதம் ஓரத்துல கொதிக்குது, நடுவுல சில்லுனு இருக்கே?" என்றாள் மனைவி.

"குவிச்சு வச்சா அப்படித்தான். நடுவுல குழி விட்டுச் சுத்திப் பரப்பு. லேசாத் தண்ணி தெளி. பாதியில நிறுத்தி ஒரு கிளறு. பச்சைப் பிள்ளைகூடப் பண்ணுமே!"

தானே செய்து, ஆவி பறக்கப் பறக்கத் தட்டை நீட்டினார். மனைவி ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நான் பண்றதைவிட நல்லா இருக்குங்க!"

மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை. "இந்த வீட்டுல இந்த மெஷினைப் பத்தி என்னைவிட யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுங்க. டீச்சர், கேட்டீங்கல்ல?"

"ரெண்டு காதாலயும் கேட்டேன்."

மனைவி கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். அது ஏற்கெனவே பூட்டி, தயாராக இருந்தது.

"எங்கே கிளம்பிட்டே?"

"பேத்தியைப் பார்க்க. டீச்சர் கார்ல ஸ்டேஷன் வரைக்கும் விடறாங்க."

"ஏம்மா, எனக்கு வெந்நீர்கூட..."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வாசல்வரை போன மனைவி திரும்பினாள்.

"ஒரு வாரத்துக்கு டப்பா டப்பாவா ஃப்ரீசர்ல வச்சிருக்கேன். சூடு பண்ணிக்கங்க. பச்சைப் பிள்ளைகூடப் பண்ணுமாம்!"