பந்திப்பாயும் பைலட்டும்

தரையை விட்டு ஓர் அங்குலம்கூட எழும்பாமல் இந்தச் சென்னைப் பட்டணத்திலேயே மிகப் பெரிய விமானி என்று பெயர் வாங்கிய மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் மெஸ் பைலட்தான். வேறு பேட்டைக்காரர்கள் யாராவது மறுத்தால், மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்துக்கு வந்து மறுக்கட்டும். பார்த்துக்கொள்கிறோம்.

பகலில் அவர் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. அது உலகத்துக்காக. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் கண்ணுக்குப் பெரிய கறுப்புக் கண்ணாடி, காதை மூடி ஒரு மப்ளர், சைக்கிள். அடையாற்றைத் தாண்டிக் கிண்டி வழியாகப் பறப்பார். ரேஸுக்குக் குவியும் கூட்டம் குதிரையைப் பார்க்க முட்டி மோதும். பைலட் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாராமல் பரங்கிமலைக்கு அப்பாலுள்ள விமான மைதானத்துக்குப் போய், வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாலை வரை நிற்பார். உள்ளே யாரும் கூப்பிட்டதில்லை. இவரும் அதை எதிர்பார்த்ததில்லை.

திரும்பி வந்ததும் ஆரம்பமாகும். காலைக் காப்பிக்குப் பெட்ரோல் என்று பெயர். இட்லி கனமாக இருந்தால், "மாமா, இன்னிக்கு லோடு ஜாஸ்தி, தரையை விட்டுக் கிளம்பாது" என்பார். மெஸ் மாமா கரண்டியை ஓங்குவார். மேலே விமான உறுமல் கேட்டால் பைலட் எச்சில் கையோடு முற்றத்துக்கு ஓடுவார்; அண்ணாந்த அந்த முகத்தைப் பார்க்க நாங்களும் பின்னாலேயே ஓடுவோம்.

பைலட்டுக்கு ஜன்ம விரோதி அடுத்த அறை வக்கீல். கட்சிக்காரர் ஒருவரும் இல்லாததால் அவர் தம் வாதத்திறமையை எங்கள்மீதே செலவிட்டு வந்தார். இரண்டாந்தடவை ரசம் இல்லையென்று மாமா கையை விரித்தால்கூட, "அப்பீல்!" என்று கத்துவார். ஆகவே அவர் பெயர் அப்பீல்.

ஒருநாள் அப்பீல் ஒரு பத்திரிகைப் படத்தைக் கொண்டுவந்தார். ஏதோ அயல்நாட்டுத் தொழிற்சாலை. நீளமான பட்டை ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன்மேல் மோட்டார் வண்டிகள் சவாரி செய்கின்றன.

"ஓய் பைலட்! இந்தப் பட்டை மேல ஒம்ம ஏரோப்ளேனை ஏத்தி வெப்போம். அது முன்னாடி ஓட ஓட, பட்டையைப் பின்னாடி ஓட்டிண்டே இருப்போம். கிளம்புமா, கிளம்பாதா?"

"கிளம்பும்" என்றார் பைலட், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

"எப்படிங்காணும் கிளம்பும்? நின்ன எடத்துலேயே ஓடிண்டிருக்குமே!"

"எப்படின்னு எனக்குச் சொல்லத் தெரியலை. ஆனா கிளம்பும். வேலியோரமா நின்னு அதோட மூஞ்சியைப் பார்த்திருக்கேன். நிக்கிற மூஞ்சி இல்லை அது."

மெஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்; பி.ஏ. படித்தவன் அல்லவா? மூஞ்சியெல்லாம் ஒரு சாட்சியமா என்று கேட்டார் அப்பீல். "கிளம்பலேன்னா என்ன பண்ணுவீர்?"

பைலட் எழுந்து நின்றார். "கிளம்பலேன்னா, இந்த மெஸ்ஸிலே ஏரோப்ளேன்ங்கிற வார்த்தையை இனிமே எடுக்கமாட்டேன்."

சிரிப்பு பட்டென்று நின்றது. அந்த மனிதரிடமிருந்து அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது கறுப்புக் கண்ணாடியும் மப்ளரும்தான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மூங்கில் குச்சி, காற்றாடிக் காகிதம், நூல் சுற்றிவந்த மரக்கட்டைகளைச் சீவிய சக்கரம், சைக்கிள் ட்யூபிலிருந்து வெட்டிய ரப்பர், தகரத்தில் ஒரு விசிறி. பைலட் ஒரு விமானம் கட்டினார். ஓடும் பட்டைக்கு எங்கே போவது? மாமா அதற்கும் வழி சொன்னார்: பந்திப்பாய்! கூடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வரிசையாக உட்கார்ந்து சாப்பிட விரிக்கும் பாய். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் அதுவே ஓடும் பட்டை.

பைலட் ரப்பரை முறுக்கி விமானத்தைப் பாயில் வைத்தார். நானும் இன்னொருவனும் பாயைப் பின்னுக்கு இழுத்தோம். விசிறி விர்ரென்று சுற்றியது. விமானமோ மாப்பிள்ளை அழைப்பில் சாரட்டில் அமர்ந்த மாப்பிள்ளை மாதிரி அசையாமல் வீற்றிருந்து, பாயோடு பாயாகப் பின்னுக்கே வந்து, அப்பீலின் காலடியில் நின்றது.

"தீர்ப்பு ஆச்சு!" என்று குதித்தார் அப்பீல்.

பைலட் விமானத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் காப்பி வந்தது. "காப்பி" என்றார் பைலட். இட்லி கல்லாகவே இருந்தது. அதையும் சட்னியில் தோய்த்துத் தின்று முடித்தார். "ஏதாவது சொல்லுமேன் ஓய்!" என்று மாமாவே கெஞ்சினார். ஒருநாள் மத்தியானம் எல்லோரும் இலை முன்னால் இருக்கும்போது, மேலே நிஜ விமானமே வந்துவிட்டது. அந்த உறுமல் கூரைக்கு மேல் மெல்லக் கடந்துபோனது. எங்கள் கைகள் எல்லாம் அந்தரத்தில் நின்றன. பைலட் தலை நிமிரவில்லை; மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஜெயித்த அப்பீல் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையலம்பப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் பங்குனித் தேர் வந்தது. வடம் பிடிக்க நானும் அப்பீலும் போனோம். தேர் ஒரு முனையில் நின்றுவிட்டது. அப்பீல் வடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல் எதையோ யோசித்தபடி சக்கரத்தையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்த எங்கள் பேட்டைக்காரர் ஒருவர் பொறுமை இழந்தார்.

"யோவ் வக்கீலு! சக்கரத்தை இன்னாத்துக்குப் பாத்துக்கினு கீறே? அதுவா தேரை இஸ்துக்கினு போவுது? வடத்தை இழு நைனா!"

அப்பீல் வடத்தை இழுக்கவில்லை. விட்டுவிட்டு ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். வியர்வை சொட்டச் சொட்ட மெஸ்ஸில் புகுந்தவர் கூடத்து நடுவில் நின்று, "அப்பீல்!" என்று கர்ஜித்தார்.

"நீர்தான் ஜெயிச்சுட்டீரே! இன்னும் என்ன அப்பீல்?" என்றார் மாமா.

"அந்த ஜெயத்து மேலதான் அப்பீல்! கேளும். தேரை நகர்த்தறது சக்கரமா? வடம்! சக்கரம் பாட்டுக்கு உருள்றது, அவ்வளவுதான். தேருக்கு அடியில மாட வீதியையே சுருட்டிப் பின்னாடி இழுத்தாக்கூட, சக்கரம் இன்னும் வேகமா உருளுமே தவிர தேர் வடத்தோட முன்னாடி வந்துதான் தீரும். ஏரோப்ளேன் மூக்குல சுத்தறதே, அதான் வடம்! அது காத்தைப் பிடிச்சு இழுக்கறது. தரை எந்தப் பக்கம் ஓடினா அதுக்கென்ன?"

"அப்போ அன்னிக்கு ஏன் ஓய் கிளம்பலை?" என்று மடக்கினார் மாமா.

ஓடிப்போய் மாடியிலிருந்து விமானத்தைக் கொண்டுவந்தோம். பைலட் ஒன்றும் புரியாமல் பின்னாலேயே வந்தார். சக்கரத்தை விரலால் தட்டினேன். உருளவில்லை. காகிதம் ஒட்டிய பசை அச்சில் வழிந்து இறுகிக் கிடந்தது! சுரண்டி எடுத்து, மாமா தம் கையாலேயே விளக்கெண்ணெய் விட்டார். சக்கரம் ஊதினாலே சுழன்றது.

மறுபடி பந்திப்பாய். இந்தத் தடவை ரப்பரை அப்பீலே முறுக்கினார். நாங்கள் பாயைப் பின்னுக்கு இழுத்தோம். விமானம் எங்களை லட்சியமே செய்யாமல், ஓடும் பாய்மேல் எதிர்த்திசையில் குடுகுடுவென்று ஓடி, எழும்பி, மாமாவின் குடுமியை உரசிக்கொண்டு முற்றத்துக்குப் பாய்ந்து, கொடியில் உலர்ந்த அவருடைய வேஷ்டியில் போய்த் தொற்றிக்கொண்டது.

கூடம் அதிர்ந்தது. ஜெயித்தவனே அப்பீல் போட்டு, தோற்று, அதற்காகத் தலைகால் தெரியாமல் கூத்தாடிய வழக்கு வேறெந்தக் கோர்ட்டிலாவது நடந்திருக்கிறதா? எங்கள் மெஸ்ஸில் நடந்தது. பைலட் மட்டும் முற்றத்தில் நின்று வேஷ்டியை அண்ணாந்து பார்த்தார்.

"ஏரோப்ளேன்" என்றார்.

இப்போது அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. காப்பிக்கு எங்கள் மெஸ்ஸில் இன்னும் பெட்ரோல் என்றுதான் பெயர். மேலே உறுமல் கேட்டால் அப்பீல் உட்பட அத்தனை பேரும் எச்சில் கையோடு முற்றத்துக்கு ஓடுகிறோம். விமானத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கிறோம். அப்புறம், அதைப் பார்க்கும் அந்த முகத்தைப் பார்ப்பதற்காக, பழக்கத்தில் பக்கத்தில் திரும்புகிறோம்.