நிற்காத தறி

தறி கொசுவைப் போல ரீங்காரமிட்டது.

"இன்னாங்க, உள்ள இன்னா சத்தம்?" சமையலறையிலிருந்து துர்காதேவி குரல் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்ல துர்கா, இழை கொஞ்சம் விறைப்பா இருக்குது" என்றபடியே குமாரசாமி தறிக்குழிக்குள் ஒளித்து வைத்திருந்த ஸ்பீக்கரை வேட்டியால் பொத்தினார்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை கேரம் ஃபைனல். அணிக்கு அவர்தான் கேப்டன். ஆனால் அமாவாசை லீவைத் தவிர, பகலில் அந்தக் கைத்தறித் தெருவில் தறிச் சத்தம் ஓயாது. ஓய்ந்தால் துர்காதேவி எட்டிப் பார்ப்பாள். கையிலிருக்கும் முகூர்த்தப் புடவையை முடிக்காமல் விளையாடப் போனால், கேரம் போர்டைப் பிளந்து வெந்நீர் அடுப்பில் வைப்பேன் என்று சத்தியம் செய்திருந்தாள். செய்வாள். போன வருஷம் சீட்டுக்கட்டு அப்படித்தான் சாம்பலானது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் சிம்ரன்தான் வழி சொன்னாள். உள்ளங்கை அகல போர்டு ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"நீங்க நம்பரு நம்பரா குடுங்கண்ணா. இந்தச் சிப்புல இருக்குற டி.ஏ.சி அதை வோல்டேஜா மாத்திடும். வோல்டேஜ் ஏறி எறங்குனா ஸ்பீக்கர் ஆடும். எந்தச் சத்தம் வேணாலும் வரும். இப்ப இதான் நல்லா போவுது."

எண்களை அலை அலையாக ஏற்றி இறக்கியதில் வந்ததுதான் அந்தக் கொசு.

போனில் கேட்டதும் சிம்ரன் சிரித்தாள். "அது டெஸ்ட் டோனுண்ணா! உங்க தறிச் சத்தத்தையே ரெக்கார்டு பண்ணி, நம்பரா மாத்தி ஏத்துங்க."

ஏற்றினார். ரெக்கார்டு செய்த வேகம் ஒன்று, போர்டு எண்களை வெளியே தள்ளிய வேகம் வேறு. தறி ரயிலாகத் தடதடத்தது.

எதிர்வீட்டுக் கங்கையம்மாள் நடுத்தெருவுக்கு வந்துவிட்டாள். "அடியே துர்கா! உன் வூட்டுல பவர்லூமு ஓடுது! நம்ம தெரு மானமே போவுதுடி!"

பதறிப்போய் வேகத்தைக் குறைத்தார். தறி இப்போது ஜன்னி கண்ட எருமையைப் போல முனகியது. முனகுவது புருஷன்தான் என்று நினைத்துத் துர்காதேவி நிலவேம்புக் கஷாயத்தோடு ஓடி வந்தாள். அவர் சுவிட்சை அணைப்பதற்கும் அவள் நுழைவதற்கும் சரியாக இருந்தது.

"ஒடம்பு முடியலன்னா சொல்ல மாட்டீங்களா?" ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடிக்க வைத்தாள்.

சனிக்கிழமை வேகம் கச்சிதமாக அமைந்தது. டடக், டடக் என்று சொந்தத் தறியே தோற்றது. ஆனால் மத்தியானம் துர்காதேவி சோறு போடும்போது அவரையே உற்றுப் பார்த்தாள்.

"காலையிலேர்ந்து ஒரு இழைகூடவா அறுவல? பக்கத்து வூட்டு ஜெயக்குமாரு தறி மாதிரியே நிக்காம ஓடுது!"

பாராட்டா, சந்தேகமா, தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று, நடுநடுவே சத்தம் நிற்கும்படி செய்து, அந்த இடத்தில் தன் குரலையும் சேர்த்தார்: "சே! அறுந்துடுச்சே!"

ஞாயிறு வந்தது. சுவிட்சைப் போட்டார். கேரம் பவுடர் டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டு பூனை போலத் தெருவில் இறங்கினார்.

உள்ளே துர்காதேவி கேட்டாள். "இன்னாங்க, இன்னிக்கு சாம்பாரா, ரசமா?"

"சே! அறுந்துடுச்சே!" என்றது தறி.

"இழை கெடக்கட்டும். சாம்பாரா, ரசமா?"

டடக், டடக். "சே! அறுந்துடுச்சே!"

"நான் இன்னா கேக்குறேன், நீங்க இன்னா சொல்றீங்க?"

"சே! அறுந்துடுச்சே!"

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. கொலுசுச் சத்தம் தறி அறையை நோக்கி வந்தது. தெருவில் நின்ற குமாரசாமி பவுடர் டப்பாவைக் கையால் மறைத்தார்.

அந்த நேரம் பார்த்துத் தறி சட்டென்று நின்றது.

கரண்டியோடு வாசலுக்கு வந்த துர்காதேவி, ஆளில்லாத தறியைப் பார்த்தாள். தெருவில் நின்ற புருஷனைப் பார்த்தாள். அவர் இடுப்பிலிருந்த பவுடர் டப்பாவையும் பார்த்தாள். கத்துவதற்கு வாயைத் திறந்தவள், அப்படியே நின்று காதைத் தீட்டினாள்.

எதிரே கரண்டுக் கம்பத்தின் உச்சியில் கட்டிங் பிளேயரோடு தொங்கிக்கொண்டிருந்த லைன்மேன் தலையைச் சொறிந்தார்.

"ஏம்மா, நான் கரண்டைத்தான கட் பண்ணேன். தெரு முழுக்கக் கைத்தறி எதுக்கும்மா நின்னுபோச்சு?"