ஒரு டபிள்யூவில் போன நானூறு பேர்

இருபத்தொரு வயதில் எனக்குத் தெரியாத விஷயம் என்று இந்த உலகத்தில் எதுவும் இருக்கவில்லை. இதை இப்போது வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். அன்றைக்கு இருந்த ஜெயராணி இன்று எதிரே வந்தால், காதைத் திருகி ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன்.

எண்பத்தெட்டில் மதுரையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு சங்கரன்கோவிலுக்குத் திரும்பி வந்தேன். ஊரில் அப்போது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்த பிச்சையா அண்ணாச்சி, எந்தத் துணிச்சலில் என்று தெரியவில்லை, ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருந்தார். ஏசி போட்ட தனி அறை. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். (வெள்ளி செவ்வாயில் அதற்குச் சந்தனமும் குங்குமமும் உண்டு. மானிட்டர் கண்ணாடியில் வைத்த பொட்டைத் துடைப்பது என் வேலை.) பக்கத்துத் தெருக்களில் விசைத்தறி ஓடுகிற சத்தம் அந்த அறைக்குள் மட்டும் கொஞ்சம் கம்மியாகக் கேட்கும். அங்கே நான்தான் "கம்ப்யூட்டர் டீச்சர்". படிக்க வந்தவர்கள் மூன்று பேர். மூன்று பேருமே ஏசிக்காக வந்தவர்கள் என்பது என் கணிப்பு.

அந்த வருஷம் ஊர் வியாபாரிகள் சிலர் சேர்ந்து இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்த ஏற்பாடு செய்தார்கள். ஜவுளிக்கடை தர்மராஜ் அண்ணாச்சிதான் தலைவர். கண்ணில் புரை விழுந்தவர்களைக் கண்டுபிடித்துப் பெயர் எழுதி வருகிற வேலையைத் தங்கம்மா அக்காவிடம் கொடுத்தார்கள். அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். ஊர் ஊராகப் போய்ப் பழகியவள். திருவேங்கடம், இளையரசனேந்தல் பக்கமெல்லாம் டவுன் பஸ்ஸிலும் நடையிலுமாக இரண்டு மாதம் அலைந்து, ஏழு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தாள். பெயர், ஊர், எந்தக் கண், வீட்டில் யார் யார், முகாம் வாரத்தில் வேன் எங்கே வந்து ஏற்றிக்கொள்ள வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. கிட்டத்தட்ட நானூறு பேர்.

அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற பொறுப்பு எனக்கு வந்தது. எனக்கு முன்னால் வேலை பார்த்து பம்பாய்க்குப் போன ஒரு பையன் பேசிக் மொழியில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி வைத்திருந்தான். பெயரைக் கேட்கும், ஊரைக் கேட்கும், கோப்பின் கடைசியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அவ்வளவுதான். பன்னிரண்டு நாள் தட்டி ஏற்றி முடித்தேன். பிளாப்பியில் ஒரு பிரதியும் எடுத்து வைத்தேன். அதோடு நின்றிருந்தால் நான் நல்ல பெண்.

நின்றேனா? அக்காவைக் கூப்பிட்டு, "அக்கா, இனி இந்த நோட்டு எதுக்கு? எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏறியாச்சு. தூக்கிப் போடுங்க" என்றேன்.

"ரெண்டு மாசம் வெயில்ல அலைஞ்சு எழுதுனதுட்டி. இருந்துட்டுப் போட்டுமே."

"நோட்டுன்னா கரையான் அரிக்கும், மழையில நனையும். கம்ப்யூட்டருக்கு மறதியே கிடையாதுக்கா."

அக்கா நோட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்து எனக்கு அந்த பேசிக் புரோகிராம் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. நானோ மதுரையில் 'சி' மொழி படித்தவள். பேசிக் என்பது பால்வாடிப் பிள்ளைகளுக்கானது என்று எங்கள் வகுப்பில் ஒரு பேச்சு உண்டு. முகாமுக்குப் பத்து நாள் முன்பு டாக்டர் மதுரையிலிருந்து பட்டியலைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும், அதே வேலையைச் 'சி'யில் புதிதாக எழுதினேன். பெட்டி போட்ட திரை, நடுவில் "நல்வரவு" என்று ஆங்கில எழுத்தில் மினுக்குகிற தலைப்பு, பீப் என்று ஒரு சத்தம். எல்லாம் வைத்தேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரு கோப்பைத் திறக்கும்போது, அதை எதற்காகத் திறக்கிறோம் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படிப்பதற்கு மட்டும் என்றால் 'ஆர்' என்று ஓர் எழுத்து. எழுதுவதற்கு என்றால் 'டபிள்யூ'. இருப்பதன் கடைசியில் சேர்ப்பதற்கு என்றால் 'ஏ'. நான் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்த புத்தகத்தில் மூன்றும் இருந்தது. சேர்ப்பதும் எழுதுவதுதானே, எதற்கு இரண்டு எழுத்து என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு டபிள்யூ போட்டேன். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால், டபிள்யூ அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுத்தான் திறக்கும் என்பது அதே பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. (பொடி எழுத்தைப் படிக்கிற வழக்கம் எனக்கு அன்று கிடையாது.) கம்ப்யூட்டர் "நிஜமாவா?" என்று ஒரு வார்த்தை கேட்காது. சொன்னதைச் செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். சோதித்துப் பார்க்கிறேன் என்று ஒவ்வொரு முறையும் புதுக் கோப்பில் ஓட்டினேன். புதுக் கோப்பில் துடைக்க என்ன இருக்கிறது? எல்லாம் அழகாக ஓடியது.

டாக்டர் வந்தார். கூடவே தர்மராஜ் அண்ணாச்சி, இன்னும் நாலைந்து வியாபாரிகள், தங்கம்மா அக்கா. எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக நின்றார்கள். பிச்சையா அண்ணாச்சி எல்லோருக்கும் குடிக்கக் கலர் வாங்கி வைத்திருந்தார்.

நான் புரோகிராமை ஓட்டினேன். நல்வரவு மினுங்கியது. பீப் அடித்தது. "பாத்தியளா, எப்படிப் பேசுதுன்னு" என்றார் பிச்சையா அண்ணாச்சி.

"புதுசா ஒரு ஆளைச் சேக்கணும்னா எப்படிச் சேப்பிய?" என்று தர்மராஜ் அண்ணாச்சி கேட்டார்.

"ஒரு நிமிஷம் போதும் அண்ணாச்சி. யார் பேரைப் போடட்டும்?"

"சும்மாத்தான? எம்பேரையே போடும்மா. பாப்போம்."

போட்டேன். தர்மராஜ், சங்கரன்கோவில், வலது கண். "சேர்க்கப்பட்டது" என்று வந்தது. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அந்த உற்சாகத்தில் நான் இன்னொரு காரியமும் செய்தேன். "எந்த வேலை முடிஞ்சாலும் உடனே ஒரு பிரதி எடுத்து வச்சிரணும் சார். அதுதான் முறை" என்று டாக்டரிடம் விளக்கிக்கொண்டே, பத்திரமாக வைத்திருந்த பழைய பிளாப்பியை எடுத்து, அதன்மேல் புதுக் கோப்பைப் பிரதி எடுத்தேன். என்னைப்போல ஒழுங்கானவள் உண்டா?

"சரிம்மா, லிஸ்டை ஒரு பிரிண்ட் எடுங்க. எத்தனை பெட் வேணும்னு பாத்துட்டுக் கிளம்புறேன்" என்றார் டாக்டர்.

பிரிண்டர் கர்ரென்று ஒரு வரி அடித்தது. நின்றது.

நான் காத்திருந்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள். டாக்டர் காகிதத்தைக் கிழித்து எடுத்துப் படித்தார். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் படித்தார்.

"மொத்தம் ஒண்ணு. அப்ப இந்தச் சுத்து வட்டாரத்துலயே அண்ணாச்சிக்கு மட்டும்தான் ஆபரேஷனா?"

"எனக்குக் கண்ணு நல்லாத்தானய்யா தெரியுது!" என்று தர்மராஜ் அண்ணாச்சி நிஜமாகவே பதறிப்போய் வலது கண்ணைப் பொத்திக்கொண்டார்.

பிளாப்பியை மாற்றிப் போட்டேன். அதிலும் தர்மராஜ் அண்ணாச்சி. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். மறுபடியும் தர்மராஜ் அண்ணாச்சி. மதுரையில் எனக்குப் பாடம் எடுத்த சாருக்கு டிரங்க் கால் போட்டு அழுதேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "டபிள்யூவா போட்ட? ஏ போட்டிருக்கணும்லம்மா." போனை வைத்துவிட்டார்.

நோட்டு! நான் தங்கம்மா அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீதானட்டி தூக்கிப் போடச் சொன்ன? எங்க மச்சான் பஸ் ஸ்டாண்டுல கடலை விக்காவ. பொட்டலம் மடிக்கக் குடுத்துட்டேன்."

ஓடினோம். அந்த மச்சான் எங்களைப் பார்த்து மிரண்டுபோனார். ஏழு நோட்டில் இரண்டு மட்டும் முழுசாக மிச்சம் இருந்தது. ஒன்று பாதி கிழிந்திருந்தது. மடித்து வைத்திருந்த பொட்டலம் அத்தனையையும் வாங்கி, கடலையை முந்தானையில் கொட்டிக்கொண்டு, நானும் அக்காவும் காகிதத்தைப் பிரித்துப் பிரித்துப் படித்தோம். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். தென்காசி பஸ்ஸில் ஜன்னலோரம் கடலை தின்றுகொண்டிருந்த ஒருவரிடம், "அண்ணாச்சி, கடலையைத் தின்னுட்டுப் பேப்பரைத் தாங்க" என்று கேட்டேன். அவர் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார். "மாரியம்மா, இடது கண்ணு, ரெண்டு மருமக. யாரு இது, ஒங்க சொந்தமா?" என்று கேட்டார்.

அடுத்த ஒரு வாரம் நானும் அக்காவும் ஊர் ஊராக அலைந்தோம். வெயில் என்றால் என்ன என்று எனக்கு அந்த வாரம்தான் தெரிந்தது. அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இந்த வீட்டுல ஒரு வலது கண்ணு, அந்த வேப்பமரத்து வீட்டுல ரெண்டும்" என்று நினைவிலிருந்தே சொல்லிக்கொண்டு நடந்தாள். கம்ப்யூட்டருக்குத்தான் மறதி கிடையாது என்று சொன்ன நான், அவள் பின்னாலேயே நோட்டும் பேனாவுமாக எழுதிக்கொண்டு போனேன். ஓர் ஊரில் ஒரு பாட்டி மறுபடி பெயர் சொல்ல மறுத்துவிட்டாள். "ஒரு தடவ எழுதுனா ஒரு கண்ணு. ரெண்டு தடவ எழுதுனா ரெண்டையும் தோண்டிருவாவ. நான் மாட்டேன் தாயி." அவளைச் சம்மதிக்க வைக்க ஒரு மத்தியானம் முழுக்க ஆனது.

முகாமுக்கு முந்தின நாளுக்குள் முந்நூற்று முப்பது பேர் வரை சேர்த்துவிட்டோம். "இளையரசனேந்தல் பக்கம் ஒரு ஆட்டுக்காரர் இருந்தாரு. குருசாமி. ரெண்டு கண்ணும்" என்று அக்கா விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆட்டு மந்தையை வயலில் கிடை போட்டு ஊர் மாற்றிப் போகிறவர். முகாம் வாரத்தில் தன் கிடை எந்த ரோட்டடியில் இருக்கும் என்று அவர் சொன்னதை அக்கா நோட்டில் எழுதியிருந்தாள். நானும் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தேன். இரண்டு பேருக்கும் அந்த இடம் ஞாபகம் வரவில்லை. விசாரித்த ஊர்களில், "அந்தக் கிடை போயிட்டே" என்றார்கள். முகாம் நடந்தது. முடிந்தது.

அடுத்த வருஷமும் முகாம் வைத்தார்கள். பெயர் பதிகிற மேசையில் நான்தான் உட்கார்ந்திருந்தேன், நோட்டோடு. ஒரு பெண் தன் அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெயர் கேட்டேன். குருசாமி என்றார். என் பேனா நின்றுவிட்டது.

டாக்டர் பார்த்துவிட்டு, வலது கண்ணை ஒன்றும் செய்ய முடியாது, புரை முத்தி உள்ளே கெட்டுப்போய்விட்டது, இடது கண்ணை வேண்டுமானால் காப்பாற்றலாம் என்றார். "போன வருஷமே வந்திருக்கலாமேய்யா" என்றும் சொன்னார்.

"போன வருசமே பேரு குடுத்தம்லா" என்றார் குருசாமி. குரலில் கோபமே இல்லை. "வேன் வரும்னாவ. மூணு நாளு ரோட்டடியில உக்காந்திருந்தேன். ஆட்டை எம்மவதான் பாத்துக்கிட்டா. ஒரு வண்டியும் நிக்கல."

அவர் மகள் என்னைப் பார்த்தாள். "ஏன்க்கா வரல?"

நான் அழித்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம்தான். "கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு ஆயிட்டும்மா" என்றேன்.

"மிசினு தான, அதுக்கென்ன தெரியும்" என்று குருசாமி எனக்கே ஆறுதல் சொன்னார்.

இடது கண் அவருக்குத் தெளிந்தது என்று பின்னால் அக்கா சொன்னாள். அதற்குப் பிறகு நான் எத்தனையோ வருஷம் புரோகிராம் எழுதியே சம்பாதித்தேன். எந்தக் கோப்பைத் திறக்க எழுதினாலும், அந்த ஓர் எழுத்து வருகிற இடத்தில் கையை எடுத்துவிட்டு வரியைத் திரும்ப ஒரு முறை படிப்பேன். கூட வேலை பார்த்தவர்கள் இதைக் கேலி செய்வார்கள்.

எங்கள் வீட்டில் கல்யாணம், காதுகுத்து என்று நாலு பேர் கூடினால் என் கணவர் இந்தக் கதையை எடுத்துவிடுவார். தர்மராஜ் அண்ணாச்சி கண்ணைப் பொத்திக்கொண்டதை அப்படியே செய்து காட்டுவார். யாராவது கடலை கொறித்தால், "ஏ, பேப்பரை அத்தைகிட்ட குடுங்க, யாரு பேராவது இருக்கப்போவுது" என்று பிள்ளைகள் கத்தும். நானும் வயிறு வலிக்கச் சிரிப்பேன். அவர்களுக்குத் தெரிந்த கதை அந்தப் பஸ் ஸ்டாண்டோடு முடிந்துவிடும். அதற்கு மேல் ஒருவர் ரோட்டடியில் மூன்று நாள் உட்கார்ந்திருந்ததை, என் கணவர் உட்பட, இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.