இருபத்துநான்கு மணி நேரமும் மணி பத்து

2023 மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை, காலை 11.20 மணிக்கு, ஏழு அதிகாரிகள் ஜரிகை வியாபாரி ஜியாவுதீன் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவர் மனு போட்டது ஒரே ஒரு காரியத்துக்கு. கூடத்து உத்திரத்தைக் கரையான் தின்றுவிட்டது. மாற்ற அனுமதி வேண்டும். 'பாரம்பரியக் கட்டடம்' என்று பலகை மாட்டிய நாள் முதல் அந்த வீட்டில் ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டியிருந்தது.

அதிகாரிகள் உத்திரத்தைப் பார்க்கவில்லை. வாசல் சுவரில் இருந்த சூரியக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நண்பகல் லுஹர் தொழுகைக்கு நேரம் தெரிய, அந்த வீட்டைக் கட்டியவர் சுண்ணாம்பில் கோடு கீறி இரும்புக் கம்பி நட்டு வைத்தது.

"பாய், மணி பதினொண்ணுதான் காட்டுது. இருபது நிமிஷம் லேட்டு" என்றார் தலைமை அலுவலர் தேவேந்திரன்.

"அது சூரியனைப் பார்த்துக்கினு போவுது சார்."

"சூரியன் அரசாங்க நேரத்துக்குக் கட்டுப்படலேன்னா நான் இன்னான்னு எழுதறது? சரி, மழை வந்தா?"

"நிழல் விழாது சார்."

"ராத்திரி?"

"ராத்திரியுந்தான்."

'பழுதான கடிகாரம்' என்று கோப்பில் ஏறியது. அதைச் சரிசெய்யாமல் அதே கட்டடத்தில் வேறு பழுது பார்க்க விதியில் இடமில்லை.

ஒரு மாதத்தில் தீர்வு கண்டார்கள். வெயில் படாதபடி கம்பிக்கு மேலே தகரம். தகரத்துக்கு அடியில் எல்.இ.டி. விளக்கு. உத்திரத்தை நினைத்து ஜியாவுதீன் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

விளக்கு நகராது. நிழலும் பத்து மணிக் கோட்டை விட்டு நகரவில்லை. மழையிலும் இரவிலும் மணி பத்து.

எதிரிலேயே இருந்த தேவேந்திரனின் அலுவலகம் பத்து மணிக்குத் திறப்பது. வருகைப் பதிவுக்கு இந்தக் கடிகாரமே ஆதாரம் என்று சுற்றறிக்கை வந்தது. அன்று முதல் அங்கே யாரும் தாமதமாக வந்ததில்லை. சேலையை நேரத்துக்குத் தராத தறிக்காரர்களும் அந்தச் சுவரைக் கைகாட்டப் பழகினார்கள். ஜரிகை கேட்டு வந்தவர்களுக்கு ஜியாவுதீனும் ஓரிரு முறை காட்டினார்.

"ஏங்க, உத்திரத்துத் தூள் சால்னாவுல கொட்டுது. ஆர்டர் எங்க?" என்றாள் மனைவி உம்முசல்மா.

ஜியாவுதீன் எதிர் அலுவலகத்துக்குப் போனார். தேவேந்திரன் கோப்பைத் திருப்பிக் காட்டினார். 'இன்று மாலை ஐந்து மணிக்குள் உத்தரவு வழங்கப்படும்.'

"இது போன வருஷம் எழுதினது சார்."

"தேதிய வுடுங்க பாய். மணி பாருங்க."

ஜியாவுதீன் ஜன்னல் வழியாகத் தன் வீட்டுச் சுவரைப் பார்த்தார்.

"பத்து."

"இன்னும் ஏழு மணி நேரம் இருக்குதே. அதுக்குள்ள இன்னா அவசரம்?"

வீட்டில் உம்முசல்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "அந்த லைட்டுக்குக் கையெழுத்துப் போட்டது யாருங்க?" என்று மட்டும் கேட்டாள்.

2024 அக்டோபர் 17, மாலை நாலே முக்காலுக்குக் கூடத்து மேல்தளம் விழுந்தது. உம்முசல்மா கொல்லையில் இருந்ததால் பிழைத்தாள். சம்பவ நேரம் காலை பத்து மணி என்றும், மனுவில் எந்தத் தாமதமும் இல்லை என்றும் அறிக்கை எழுதப்பட்டது. சாட்சி என்ற இடத்தில் ஜியாவுதீன் கையெழுத்துப் போட்டார்.