நூறண்ணனின் இல்லாத கேமரா

மலாக்கா மாநிலத்தில் ஒரு பொருள் வேலை செய்கிறது என்று உறுதியாகச் சொல்லத் தகுதியுள்ள ஒரே மனிதர் நூறண்ணன்தான். மற்றவர்கள் சொல்வதெல்லாம் வெறும் நம்பிக்கை.

சிம்பாங் அம்பாட்டில், ரிமோட்டை அழுத்தினால் தானே திறக்கும் ஆட்டோ கேட்டும் சிசிடிவி கேமராவும் மாட்டிக் கொடுப்பது அவர் தொழில். கடைப் பலகையில் வேறு ஏதோ பெயர் இருக்கிறது. அதை யாரும் படித்ததில்லை. ஒரு கேட்டைப் பொருத்தினால் நூறு தடவை திறந்து மூடிப் பார்க்காமல் சாமான் பெட்டியைத் தூக்க மாட்டார். தொண்ணூற்றொன்பது என்ற எண்ணே அவருக்குக் கிடையாது. அதனால் நூறண்ணன்.

எங்கள் வீட்டுக் கேட்டை மாட்டிய அன்று அம்மா முப்பத்தொன்பது வரை பொறுத்துப் பார்த்தார்.

"ஐயோ சாமி, புது கேட்டு தேஞ்சிரும் போல! போதும்லா தம்பி."

"இன்னும் அறுபத்தொண்ணுதான்க்கா. நீங்க உள்ள போய் டிவி பாருங்க."

ஐம்பதைத் தாண்டியபோது எதிர்வீட்டு மலாய்க்காரப் பெரியவர் வெளியே வந்தார். கேட்டு கெட்டுப்போய்விட்டதா என்று மலாயில் அக்கறையாகக் கேட்டார். "பெலும் பாக்சிக்," என்றார் நூறண்ணன், ரிமோட்டை அழுத்தியபடியே. 'இன்னும் இல்லை' என்று அர்த்தம். பெரியவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்போது நான் கணினிப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். அதாவது சும்மா இருந்தேன். அவர் பக்கத்தில் நின்று எண்ணிக்கொடுத்தேன். அறுபத்திரண்டில் மழை பிடித்துக்கொண்டது. கார் போர்ச்சில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி. என் மடியில் லேப்டாப். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

"என்னா தம்பி அது, கவிதை மாதிரி வரி வரியா?"

கணினியின் இயங்குதளத்துக்கு அடியில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. உலகம் முழுக்க உள்ளவர்கள் சேர்ந்து அதை எழுதுகிறார்கள். யார் எந்த வரியை மாற்றினாலும் அவர் பெயரோடு பதிவாகும் என்று மளமளவென்று ஒப்பித்தேன். அவர் நான் சொன்னதைக் கேட்கவில்லை. திரையின் கடைசி வரியில் விரலை வைத்திருந்தார்.

"இது யாரு பேரு?"

"எழுதுனவர் பேருண்ணே."

"அதுக்குக் கீழ?"

"அது டெஸ்டட்-பை. டெஸ்ட் பண்ணவரு பேரு."

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "டெஸ்ட் பண்ணவன் பேர போடுறானுங்களா?" என்றார். ஏதோ நம்ப முடியாத விலையில் நிலம் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டவரைப் போல.

நூறண்ணன் பத்தொன்பது வருடம் ஒரு சிப் தொழிற்சாலையில் டெஸ்டிங் பகுதியில் இருந்தவர். சோதித்த தாளில் பெயர் எழுத இடம் கிடையாது. தொழிலாளி எண் மட்டும்தான். அந்தப் பிரிவை மூடியபோது ஆளுக்கொரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாவது வாரம் அது நின்றுவிட்டது. "எவனும் டெஸ்ட் பண்ணல," என்பதுதான் அந்தக் கம்பெனியைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்ட ஒரே புகார்.

மழை விட்டதும் மிச்சம் முப்பத்தெட்டையும் முடித்தார். போகும்போது, "அந்தப் புஸ்தகத்துல பேரு வரணும்னா என்னா பண்ணணும்?" என்று கேட்டார். புத்தகம் இல்லை என்று நான் சொல்லவில்லை.

அவருடைய நூறு எவ்வளவு பெரிய வியாதி என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. கோலா சுங்கை பாருவில் ஒரு மீன் வியாபாரி வீட்டில் கேமரா மாட்டினார். ஆள் நடந்தால் அது படம்பிடிக்கிறதா என்று பார்க்க வாசலில் நூறு தடவை போய் வந்தார். முதல் முப்பது தடவை வீட்டு நாய் குரைத்தது. பிறகு அலுத்துப்போய்ப் படுத்தது. அறுபதில் எழுந்து அவரோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்தது. எண்பதில் பக்கத்து வீட்டார் போலீசைக் கூப்பிட்டுவிட்டார்கள். வந்த போலீஸ்காரரிடம், "இருபது பாக்கி சார், முடிச்சிட்டு வந்துர்றேன்," என்று மலாயில் கெஞ்சியிருக்கிறார்.

செர்காமில் அவர் தனக்குப் பெண் பார்க்கப் போன கதை இன்னும் மோசம். கூடத்து மின்விசிறியில் 'டிக்' என்று ஒரு சத்தம். மாப்பிள்ளை எழுந்து போய் சுவிட்சைப் போட்டார், அணைத்தார், போட்டார், அணைத்தார். பெண் காப்பித் தட்டோடு நின்றுகொண்டே இருந்தது. எண்பத்தோராவது தடவை விசிறி ஒரேயடியாக நின்றது. சகுனம் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"நான் மட்டும் போவலன்னா அது அவுங்க தலையில விழுந்திருக்கும்லா," என்றார் என்னிடம். வருத்தமே இல்லை. "மொத பத்து தடவ எல்லாமே நல்ல புள்ள மாரி நடிக்கும் தம்பி. எழுபது எண்பதுக்கு மேலதான் மூஞ்சி தெரியும்."

இந்த வாக்கியத்தை நான் அன்றே மனப்பாடம் செய்திருக்க வேண்டும்.

கெர்னலுக்குள் அவர் தேர்ந்தெடுத்தது பொய்க் கேமராவின் டிரைவர். டிரைவர் என்றால் ஒரு கருவியைக் கணினியோடு பேச வைக்கும் நிரல். இந்த டிரைவருக்குக் கருவியே கிடையாது. கேமரா இல்லாமலே கேமரா இருப்பதாக நடித்து வண்ணப் பட்டைகளைப் படமாக அனுப்பும். மென்பொருள் எழுதுபவர்கள் நிஜக் கேமரா இல்லாமல் சோதித்துப் பார்ப்பதற்கென்றே செய்தது. "டெஸ்டுக்குன்னே பொறந்த சாமான்," என்று சொல்லி நூறண்ணன் அதன்மேல் காதல் கொண்டுவிட்டார். எனக்குத் தெரிந்ததை நான் சொன்னேன். ஒரு மாதத்தில் எனக்குத் தெரியாததை அவர் கேட்க ஆரம்பித்தார்.

அந்த டிரைவருக்குள் மூன்று பகுதிகள். ஒன்று லென்ஸ் சிப்பாக நடிக்கும். இன்னொன்று வண்ணம் சேர்க்கும். மூன்றாவது படத்தைப் பெரிதாக்கும். மூன்றும் தனித்தனியாக ஓடி, தனித்தனிப் பூட்டு வைத்துக்கொண்டு, படத்தைக் கைமாற்றிக்கொண்டிருந்தன.

"படமே பொய்யி. அத தூக்கிட்டுப் போக மூணு ஆளா? எஸ்டேட்ல ஒரு மரத்துக்கு மூணு மண்டோரு நின்னா எப்புடியோ அப்புடி இருக்குலா."

மூன்று மேற்பார்வைக்காரர்களையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஒரே ஆளை வரிசையாக அந்த வேலைகளைச் செய்ய வைப்பது அவர் திட்டம். கடையில் கேட்டு மோட்டார்களுக்கு நடுவே பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஐந்து மாதம் உட்கார்ந்தார். நானூறு வரிகளுக்கு மேல் வெட்டினார். அனுப்பினார். எங்கோ குளிர் தேசத்தில் இருந்த, அந்த டிரைவருக்கான பொறுப்பாளர் பெண்மணி ஐந்து முறை திருப்பி அனுப்பினார். ஆறாவது முறை, 'எளிமையாக இருக்கிறது. ஆனால் கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரைவரைப் பிடுங்கினால் என்ன ஆகும்? பெரிய இயந்திரத்தில் வேறு யாராவது சோதித்துச் சொல்லட்டும்,' என்று எழுதினார்.

நூறண்ணனின் லேப்டாப்பின் மூளையில் இரண்டு கோர்கள், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு வேலைதான் ஓடும். நான் கேம் விளையாட வாங்கிய கணினியில் பதினாறு.

"தம்பி, நீ ஓட்டிக் குடுறா. ஒன் பேரு வரும்."

ஸ்கிரிப்ட் அவரே எழுதிக் கொடுத்தார். படத்தை ஓட விடு, டிரைவரைப் பிடுங்கு, திரும்ப மாட்டு. நூறு தடவை. ஒவ்வொரு தடவைக்கும் நான்கு நிமிடம் ஆகும், ஏனென்றால் நினைவகத்தில் தப்பு நடக்கிறதா என்று கூடவே ஒரு காவல்கார நிரலை ஓட விடவேண்டும். ஓடி முடியும்வரை கணினியில் வேறு எதையும் தொட முடியாது.

அன்று மாலை ஐந்து மணிக்குள் ஒரு கம்பெனியின் இணையத் தேர்வை நான் எழுதியாக வேண்டும். இருந்தது அந்த ஒரு கணினிதான். விண்ணப்பத்தில் 'கெர்னலில் என் பெயர்' என்று ஒரு வரி சேர்த்தால் எவ்வளவு ஜோராக இருக்கும் என்ற நினைப்பும் இருந்தது. ஏழு தடவை ஓடியது. ஏழும் சுத்தம். எட்டாவது ஓடும்போது நிறுத்தினேன். டெஸ்டட்-பை என்று என் முழுப் பெயரையும், அப்பா பெயரோடு சேர்த்து, எழுதி, நூறு தடவை ஓட்டினேன் என்றும் போட்டு அனுப்பினேன். மிச்சத்தை ராத்திரி ஓட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஓட்டவில்லை.

அவர் போன் பண்ணினார். "நூறும் ஓட்டுனியா?"

"ஓட்டிட்டேண்ணே."

"ஒண்ணும் இல்லியே?"

"எல்லாம் ஓகேண்ணே."

"தேங்ஸ்டா." அவ்வளவுதான். நூறு தடவை கேட்கும் மனிதர், என்னிடம் ஒரு தடவைதான் கேட்டார்.

மாற்றம் கெர்னலில் ஏறியது. நூறண்ணன் அந்தப் பக்கத்தை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, கடையில் ரிமோட்டுகள் தொங்கும் சுவரில் மாட்டினார். மஞ்சள் மையில் ஒரு வரியைத் தீட்டியிருந்தார். அவர் பெயர் இருந்த வரியை அல்ல. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இது யாரு தெரியுமா? நம்ம தாமான் புள்ளலா," என்று எங்கள் குடியிருப்பையே சொந்தம் கொண்டாடிக் காட்டினார்.

எனக்கு கோலாலம்பூரில் வேலை கிடைத்தது. நேர்காணலில் அந்த வரியைப் பற்றித்தான் பாதி நேரம் பேசினார்கள். சோதனையின் முக்கியத்துவத்தைப் பற்றி நான் அழகாகப் பேசினேன்.

இரண்டு மாதம் கழித்து, எங்கோ ஓய்வில்லாமல் சோதித்துக்கொண்டே இருக்கும் ஓர் இயந்திரம் முழுசாக முடங்கி விழுந்தது. எழுபத்து நாலாவது தடவை. டிரைவரைப் பிடுங்கும்போது, இன்னும் படம் பார்த்துக்கொண்டிருக்கும் நிரலின் காலடியிலிருந்து நினைவகத்தை உருவிவிடுகிறது என்று அறிக்கை. நூறண்ணனின் மாற்றம் முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. மூன்று மண்டோர்களும் வேலைக்குத் திரும்பினார்கள். பொறுப்பாளர் பெண்மணி எங்கள் இருவருக்கும், உலகமே படிக்கும் மின்னஞ்சல் பட்டியலில், ஒரு கேள்வி எழுதினார்: இது எப்படி நூறு தடவை ஓடியது?

ஆபீசில் உட்கார்ந்து பதில் எழுதினேன், அழித்தேன், எழுதினேன். நான் அழித்துக்கொண்டிருக்கும்போதே நூறண்ணன் தன் ஆங்கிலத்தில் பதில் அனுப்பிவிட்டார். 'தவறு என்னுடையது. சோதித்தவருக்கு நான் கொடுத்த ஸ்கிரிப்ட் சரியில்லை. மன்னிக்கவும்.'

ஸ்கிரிப்ட் சரியானது. இன்றும் என்னிடம் இருக்கிறது. முதல் வரியிலேயே நூறு என்று போட்டிருக்கிறது. பிறகு ஒருநாள் அதை நான் ஓட்டிப் பார்த்தேன். எழுபத்தொன்றில் விழுந்தது. நான் நூறும் ஓட்டவில்லை என்று அவருக்கு அறிக்கையைப் படித்த நிமிடமே தெரிந்திருக்கும். வாழ்க்கையில் ஒரு பொய்க் கணக்கும் சொல்லாத மனிதர் எனக்காகச் சொன்ன முதல் பொய் அது. அதையும் டெஸ்ட் பண்ணாமல் சொல்லியிருந்தார். ஸ்கிரிப்டை அவர் மாற்றத்தோடு பட்டியலுக்கும் அனுப்பியிருந்தார், படித்த யாருக்கும் அது பொய் என்று தெரியும். அதற்குப் பிறகு அவர் எதை அனுப்பினாலும் அங்கே யாரும் பதில் எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் கேட்டு மாட்டிக்கொண்டிருந்தார். நின்று பார்த்தேன். திறந்தார், மூடினார். மூன்று தடவை. பெட்டியை மூடினார்.

"அண்ணே, மிச்சம்?"

"மூணு போதும்லா. யாரு எண்ணிக்கிட்டு இருக்கா?" சிரித்தார். "வேல எப்புடி? கேன்டீன்ல சோறு நல்லாருக்கா?"

அவர் திட்டியிருந்தால் காரை எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் திரும்பியிருப்பேன். கடைக்கு அழைத்துப் போய் மைலோ வாங்கிக் கொடுத்தார். சுவரில் அந்தத் தாள் அப்படியே இருந்தது, மஞ்சள் வரியோடு.

"இதக் கழட்டிருங்கண்ணே. அதான் திருப்பி எடுத்துட்டாங்களே."

"மாத்துனதத்தான் எடுத்தாங்க. பதிவு இருக்கும்லா. அந்தப் புஸ்தகத்துல ஏறுன பேர யாராலும் அழிக்க முடியாது." மைலோ கிளாஸை என் பக்கம் நகர்த்தினார். "நல்லதுதானான்னு தெரியல."

எங்கள் வீட்டுக் கேட்டு இன்றுவரை ஒரு நாள்கூட மக்கர் செய்ததில்லை. அம்மா அதை யாரிடம் சொன்னாலும் நான் எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.

பட்டியலுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். ஓட்டியது ஏழு, எழுதியது நூறு, ஸ்கிரிப்டில் பிழை இல்லை. மூன்றே வரி. வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன், ஆபீசில் யார் படித்தாலும் படிக்கட்டும். நூறண்ணனின் மாற்றத்தை மறுபடியும் கையிலெடுத்து, படம் பார்க்கும் கடைசி நிரலும் விலகும்வரை நினைவகத்தை விடாமல் பிடித்திருக்கும்படி பதினொரு வரி சேர்த்திருக்கிறேன். சரியா என்று தெரியாது.

சனிக்கிழமை காலை, பதினாறு கோர் கணினியை காரில் ஏற்றிக்கொண்டு சிம்பாங் அம்பாட்டுக்குப் போகிறேன். அவர் கடை மேசைமேல் வைத்து, ஒன்றிலிருந்து வாய்விட்டு எண்ணப்போகிறேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டு மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருப்பார். இருக்கட்டும். எழுபதைத் தாண்டியதும் அந்தத் தலை திரும்பும். எனக்குத் தெரியும். மழையில் நின்றுபோன எண்ணிக்கையை, மழை விட்டதும் அறுபத்து மூன்று என்று அவரோடு சேர்ந்து தொடங்கியவன் நான்.