ஒரே பந்தலில் இரண்டு தொலைநோக்கிகள்

நட்சத்திரங்களைப் பார்க்காமலே வானியலுக்கு மகத்தான தொண்டு செய்த தொலைநோக்கிகள் உலகிலேயே புனேயில் மட்டும்தான் இருக்கின்றன. அவற்றை உருவாக்கிய உயர்மட்டக் குழுவின் செயலாளர் என்ற முறையில் இதைப் பெருமிதத்தோடு பதிவு செய்கிறேன்.

1998-ல் புனேயின் பாணேர் பகுதியில் குன்றை ஒட்டி எங்கள் ஆய்வு மையத்துக்கு அரசாங்கம் நிலம் கொடுத்தது. எங்கள் வானியலாளர் டாக்டர் ராஜியின் திட்டத்துக்காகக் கொடுத்த நிலம். இரண்டு தொலைநோக்கிகளை இருநூறு மீட்டர் இடைவெளியில் நிறுத்தி, இரண்டிலும் விழும் ஒளியை ஒன்றுசேர்த்தால், வெறும் புள்ளியாகத் தெரியும் நட்சத்திரத்தின் குறுக்களவைக் கண்டுபிடித்துவிடலாம். இடைவெளி கூடக்கூடத் துல்லியமும் கூடும். அந்த வடிவமைப்புக்காக ராஜி பல வருஷம் கண்ணைக் கெடுத்துக்கொண்டார்.

இயக்குநர் கிருஷ்ணஸ்வாமி அதை 'மேம்படுத்தினார்'.

"ஏம்மா, நடுவுல இவ்ளோ இடம் சும்மாக் கிடக்கே?"

"சும்மா இல்ல சார். அந்தத் தூரம்தான் கருவியே."

"தூரத்தை எப்படிம்மா திறந்து வைக்கறது? மந்திரி எங்க ரிப்பன் வெட்டுவார்?"

மராத்தி உறுப்பினர்கள் தமிழ் புரியாமலே தலையாட்டி ஆமோதித்தார்கள். முதல் கூட்டத்தில் இருநூறு மீட்டர் எண்பதாயிற்று. அடுத்ததில் முப்பது. மந்திரி மழையில் நனையக் கூடாது என்ற 'அறிவியல் காரணத்தால்' கடைசியில் இரண்டும் ஒரே பந்தலுக்குள் வந்து சேர்ந்தன. கருவியின் பெயரிலிருந்த 'நெடுந்தூர' என்ற சொல்லை மட்டும் குழு பெருந்தன்மையோடு விட்டுவைத்தது.

மிச்சமான நிலம் வீணாகலாமா? 'ஊழியர் நலன்' கருதி அங்கே பங்களாக்கள் எழும்பின. குலுக்கலில் முதல் சாவி, தற்செயலாக, இயக்குநருக்கே விழுந்தது.

திறப்பு விழாவில் மந்திரி இந்தியில் கேட்டார்: "ஒரே மாதிரி ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு உங்க வீட்டு மேடத்துக்கு" என்றார் இயக்குநர், அதே இந்தியில்.

பலத்த கைதட்டல். நன்றி சொல்ல ராஜியை அழைத்தார்கள். அவர் மைக்கைப் பிடித்தார். எழுதிக் கொடுத்திருந்த இங்கிலீஷ் உரையை மடித்து வைத்துவிட்டு, இயக்குநரை நேராகப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

"நட்சத்திரத்தை அளக்கத்தான் சார் இந்த நிலத்தைக் குடுத்தாங்க. நீங்க நிலத்தை அளந்து பிளாட் போட்டுட்டீங்க. எனக்கு இங்க இனிமே வேலை இல்ல. நான் போறேன்."

மேடையை விட்டு இறங்கி, பந்தலைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

மந்திரி குனிந்து, "என்ன சொல்லிட்டுப் போறாங்க?" என்று கேட்டார்.

இயக்குநர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மொழிபெயர்த்தார்:

"இங்க நடந்த எல்லாத்துக்கும் நான்தான் காரணமாம்."

எங்கள் மையத்திலிருந்து இதுவரை வெளிவந்த ஒரே பிழையற்ற முடிவு அதுதான்.